பக்குவமாகச் சொல்லிவிடு

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். காற்று அசையவே இல்லை. கடையில் பாதி நாள் கரண்ட் இல்லை. இன்சுலின் பெட்டிக்கு ஐஸ் வாங்க இரண்டு தடவை ஓட்டம்.

இந்த டைரி ஜனவரியில் மெடிக்கல் ரெப் கொடுத்தது. ஆறு மாதமாக மிக்ஸிக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நெஞ்செரிச்சல் மாத்திரை விளம்பரம். இப்போதைய நிலைமைக்குப் பொருத்தம்தான்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியக்கா போய் இன்று நான்காம் நாள். வெள்ளி விடியற்காலை மூச்சுத் திணறல். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமி அண்ணனின் தறிச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். இப்போது மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறேன்.

கடை முதலாளி இன்று, "விஜயாம்மா, டாக்டர் சீட்டு இல்லாம மருந்து கேக்காதீங்கன்னு ஒரு போர்டு எழுதிக் குடும்மா. நீ எழுதினா சின்ன புள்ளைக்கும் புரியும்" என்றார். எல்லாரும் சொல்வதுதான். பிள்ளையார்பாளையத்தில் இந்த மெடிக்கலில் இருபது வருடமாக மாத்திரைக் கவரில் எழுதுவது என் வேலை. எனக்கென்று சில விதிகள்:

- ஒரு கவரில் ஒரு மருந்து.
- 'தேவைப்பட்டால்' என்று எழுதக் கூடாது. எப்போது தேவை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?
- படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா. மதியத்துக்குச் சோற்றுத் தட்டு.
- கடைசியில் "திருப்பிச் சொல்லுங்க". நான் சொன்னதில் ஒன்றுமில்லை. அவர்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் முக்கியம்.

இருபது வருடத்தில் என் கவரைப் படித்து யாரும் மாத்திரையை மாற்றிப் போட்டதில்லை. இதில் எனக்குத் திமிர் உண்டு. உண்டா, இருந்ததா, தெரியவில்லை.

போர்டு எழுதவில்லை. கை வரவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

வெயில். குழாயில் தண்ணீர் வந்தது, நாலு குடம்.

யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே.

வெள்ளிக்கிழமை. முனுசாமி அண்ணன் அக்காவின் காலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் பேசினா அழுதுடுவேம்மா. நீதான் தெளிவா பேசுவ. சேகருக்கு நீயே போனப் போட்டு பக்குவமா சொல்லிடு" என்றார்.

சேகர், அக்காவின் ஒரே தம்பி. ஓசூரில் கம்பெனி வேலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பிள்ளையாக இருந்தவன் அவன்தான்.

காலை ஏழரைக்கு அழைத்தேன். "அக்காவுக்கு முடியலப்பா. கிளம்பி வா."

எல்லாரும் இப்படித்தானே சொல்கிறோம்? தூரத்தில் இருப்பவனிடம் செத்துவிட்டாள் என்று யார் சொல்வார்கள்? வழியில் விழுந்து வைத்தால்? 'முடியல, கிளம்பி வா' என்றால் கேட்கிறவனுக்கே தெரிந்துவிடும். பஸ்ஸில் வரும்போது மனதைத் தேற்றிக்கொள்வான். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் அழுவான். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர்தான் பக்குவம்.

சேகருக்கு அப்படித் தெரியவில்லை. "சரிக்கா, ஷிஃப்ட் முடிச்சிட்டு லீவு சொல்லிட்டு வரேன்" என்றான். மறுநாள் காலை வந்தான். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடிப் பை.

மறுநாள் சனி. சனிப் பிணம் தனிப் போகாது என்று பெரியவர்கள் வெள்ளி பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடி, அதாவது கூடப் பிறந்தவன் கையால் அவள் மேல் போர்த்த வேண்டிய கடைசிப் புடவை, அதை ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பங்காளி போட்டார். தம்பி எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். "சொல்லியாச்சு, வந்துக்கினு இருப்பான்" என்று முனுசாமி அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் இரண்டு மணிக்கு மேல் அவனுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். சாயந்திரம் அவன் திருப்பி அழைத்தான், இரண்டு தடவை. அப்போது பிணத்தை எடுத்தாகி, நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

இல்லை. குளித்து முடித்துவிட்டேன். போன் கையில்தான் இருந்தது.


ஜூலை 16, புதன்

நேற்றைய மிச்சம்.

சனிக்கிழமை காலை. பிரித்த பந்தலின் மூங்கில்கள் வாசலில் கிடக்கின்றன. சேகர் ஹார்லிக்ஸோடு நிற்கிறான். முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கத்தினான்.

"எங்கக்கா மூஞ்ச ஒரு தபா பாக்க வுடலியே மாமா! ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"சொல்லி அனுப்பிச்சும் வராதவன், இப்ப இன்னாடா பேச்சு?" இது முனுசாமி அண்ணன்.

"இன்னா சொன்னீங்க? யார் சொன்னது?"

"எல்லாம் சொல்லியாச்சு. கோடி எடுக்கறதுக்கு பயந்துக்கினு லேட்டா வந்திருக்கற."

இதற்குப் பிறகு வார்த்தைகள் இல்லை, அழுகையும் கூச்சலும்தான். நாலு பேர் பிடித்து விலக்கினார்கள்.

நான் காபி டம்ளர்களோடு குழாயடியில் நின்றிருந்தேன். சேகர் என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கக்கா. எங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. நான் சொன்னது இது: "சண்ட போடாதீங்கப்பா. போனவங்க மனசு கஷ்டப்படும்."

எவ்வளவு அழகான வாக்கியம். ஒரு பைசாவுக்குப் பயன் இல்லை. கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவன் ஹார்லிக்ஸை வாசப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். காரியத்துக்கும் வர மாட்டானாம்.

ஆக, இப்போது:

முனுசாமி அண்ணன் நினைப்பது: நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், சேகர் தெரிந்தே வரவில்லை.

சேகர் நினைப்பது: நான் பேசும்போது அக்கா உயிரோடு இருந்தாள், பிறகு செத்ததை மாமா மறைத்துவிட்டார்.

இரண்டும் தப்பு. தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. நடந்தது தெரிந்த ஒரே ஆள் நான். வீட்டில் இவரிடம் மட்டும் ராத்திரி சாப்பாட்டின்போது லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "வுடு. காரியம் முடிஞ்சா எல்லாம் சரியாப்பூடும்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு எதுவுமே காரியம் முடிந்தால் சரியாகிவிடும்.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருக்கோடி அம்மன் கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டார்கள். காது போகிறது.

சேகருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் வாய் வராது, எழுத்து வரும் என்று நினைப்பு.

'அன்புள்ள சேகருக்கு, நலம். நலமறிய ஆவல்.' அடித்தேன். யார் நலம்?

'அன்றைய சூழ்நிலையில் சில விஷயங்களைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.' யாரால் முடியாமல் போனது? ஆளே இல்லாத வாக்கியம். வேறு யாராவது இப்படி எழுதிக் காட்டினால் கிழித்துக் கையில் கொடுப்பேன்.

'உன் அக்கா எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.' உண்மை. ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை.

'எல்லாம் விதி.' சுருக்கம், தெளிவு, பொய்.

நாலு தாள் வீண். இருபது வருடம் தெளிவாக எழுதினேன் என்றால், அது ஊரார் வயிற்றுவலியைப் பற்றி. என் தப்பைப் பற்றி ஒரு கவர்கூட எழுதியதில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்கு அக்காவே என்னைப் போன் பண்ணச் சொன்னாள். "முடியலன்னு சொல்லு விஜயா, அப்பதான் அந்தக் கழுத வரும்." சொன்னேன். அலறி அடித்துக்கொண்டு வந்தான். அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு. சித்திரையில் மறுபடியும் அதே போன், அதே வடை. மூன்றாவது தடவை நிஜமாகவே சொன்னபோது அவன் காதில் வடை வாசனைதான் வந்திருக்கும். செல்லாத வார்த்தையை அவனுக்கு அனுப்பிவிட்டு, புரிந்துகொள்வான் என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.


ஜூலை 18, வெள்ளி

ஒரு வாரம்.

கூழ் வாங்கக் கூட்டம். ஒலிபெருக்கியில் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். வரவேற்கிறோம், வணங்குகிறோம், மகிழ்கிறோம். கூழ் எத்தனை மணிக்கு என்று கடைசி வரை சொல்லவில்லை.

கடைக்குக் கிளம்பும்போது முனுசாமி அண்ணன் கூப்பிட்டார். தாடி வளர்ந்து ஆளே இளைத்துவிட்டார். "காரியம் ஞாயித்துக்கிழம வச்சிருக்கறோம், இருபத்தேழு. பத்திரிகை அடிக்கணும். மேட்டர நீ எழுதிக் குடுத்துடும்மா."

"சரிங்கண்ணா."

"பொறந்த வீட்டு வகையில ஐயம்பேட்டக்காரர் பேர போட்டுடு. சேகர் பேரு வேணாம்."

நான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேர்தான் இருந்தோம்.

"ஒரே தம்பி ஆச்சேண்ணா" என்றேன்.

"தம்பின்னா வந்திருக்கணும்மா. நீ அவ்வளவு தெளிவா சொல்லியும் வரல இல்ல?"

தலையை ஆட்டினேன். வாயால் சொன்னது முதல் பொய் என்றால் தலையால் சொன்னது இது. செவ்வாய்க்குள் பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும்.


ஜூலை 19, சனி

சாயந்திரம் நாலு தூறல். மண் வாசனை வந்தது, மழை வரவில்லை.

முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண், அம்மாவுக்கு மருந்து வாங்க. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்ன நோய் என்று. கவர் எழுதிக் கொடுத்தேன், திருப்பிச் சொன்னாள், ஒரு தப்பு இல்லை. போகும்போது கேட்டாள், "இது எதுக்குக்கா மாத்திர? சின்ன கட்டி, கரைஞ்சிடும்னு சொன்னாங்க. வீட்ல யாரும் சரியா சொல்ல மாட்றாங்க."

"டாக்டரையே நேராக் கேளும்மா. என்ன நோயின்னு பேரச் சொல்லிக் கேளு" என்றேன்.

அது என் இடம் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் எத்தனை பேர் பக்குவமாக இருக்கிறார்களோ. அவள் எந்தப் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறாளோ.


ஜூலை 20, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். அலமாரி ஒழித்தேன். இதை எழுதாமல் இருக்க என்னென்ன உண்டோ எல்லாம் செய்தேன்.

'முடியல' என்று சொன்னது மட்டும் என்றால் எப்போதோ ஒத்துக்கொண்டிருப்பேன். ஊர் வழக்கம், எல்லாரும் செய்வது. மீதியை இந்த டைரியிலும் இதுவரை எழுதவில்லை.

சேகர் அன்று கேட்டான்: "அக்காகிட்ட குடுங்கக்கா. ஒரு வார்த்த பேசிட்டு ஷிஃப்டுக்குப் போறேன்."

நான் சொன்னேன்: "தூங்குறாங்கப்பா. இப்பதான் கண்ணசந்தாங்க. எழுப்ப வேணாம்."

அதைச் சொல்லும்போது நான் நடையில் நிற்கிறேன். உள்ளே தலைமாட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. யாரோ அக்காவின் தாடைக்குத் துணி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் சொன்னான்: "நல்லா தூங்கட்டும்க்கா. ராத்திரியெல்லாம் இருமியிருப்பாங்க."

அவன் நிம்மதியாக வேலைக்குப் போனது அதனால்தான். மாமா மறைத்தார் என்று நினைப்பதும் அதனால்தான்.

ஏன் சொன்னேன்? அவன் மனசு நோகக் கூடாதென்றா? எழுதிப் பார்த்தால் அது நிற்கவில்லை. அவன் அழுவதை நான் காதில் கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பயம். அவ்வளவுதான். பக்குவம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள, அவனுக்காக அல்ல.

வெட்கமாக இருக்கிறது.


ஜூலை 21, திங்கள்

வெயில்.

காலையில் கடையில் ஒரு கவர் எடுத்தேன். சின்ன இடம், அதற்கு மேல் எழுத முடியாது. அதுதான் வசதி. ஒரு வரிக்கு ஒரு விஷயம்:

நான் போன் பண்ணும்போதே உங்கக்கா செத்துட்டாங்க.
தூங்குறாங்கன்னு நான் சொன்னது பொய்.
உங்க மாமா உங்கிட்ட சொல்லத்தான் சொன்னாரு. மறைக்கச் சொல்லல.
சாயந்திரம் உன் போனை நான் வேணும்னே எடுக்கல.

சாயந்திரம் ஆறரைக்கு, கடைக்குப் பின்னால், குளுக்கோஸ் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழைத்தேன். எடுப்பானோ என்று இருந்தது. எடுத்தான். பின்னால் டீக்கடைச் சத்தம். நாலு வரியையும் படித்தேன். முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மன்னித்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டீக்கடைச் சத்தம் தேய்ந்தது, தள்ளிப் போயிருப்பான்.

"அப்ப நான் பேசினப்பவே அக்கா இல்ல."

"இல்லப்பா."

"மாமாவுக்கு நீங்க இப்படி சொன்னது தெரியாது."

"தெரியாது."

"நல்லா தூங்கட்டும்னு சொன்னேனேக்கா நான்."

அழுதான். வெள்ளிக்கிழமை கேட்கப் பயந்த அழுகையை இன்று முழுதாகக் கேட்டேன். பெட்டியில் சாய்ந்துகொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல். அவனே வைத்தான்.

நான் கேட்காமலே திருப்பிச் சொன்னான். ஒரு தப்பு இல்லாமல்.


ஜூலை 22, செவ்வாய்

காலை ஏழு மணி, முனுசாமி அண்ணன் வீடு. பத்திரிகை மேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னேன்.

"அண்ணா, சேகருக்கு நான் சொல்லவே இல்ல. அக்கா தூங்குறாங்கன்னு சொல்லிட்டேன். நேத்துதான் அவங்கிட்ட உண்மையச் சொன்னேன்."

அவர் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சே வரலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனேம்மா" என்றார். பிறகு, "நீதான் தெளிவா பேசுவன்னு..." முடிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார், "அந்த மேட்டர்ல அவம் பேர எங்க போடுவ?"

"மேல போடறேண்ணா. மொதப் பேரா."

"போடு."

பிரஸ்ஸில் கொடுத்தாயிற்று. இடம், நாள், மணி மூன்றும் பெரிய எழுத்தில். 'ஆறாத்துயரில் ஆழ்த்திவிட்டு' என்று பிரஸ்காரர் தானாகச் சேர்த்திருந்தார். எடுக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தார்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். மாமாவும் மச்சானும் போனில் போல. என்னைப் பற்றி இருக்கும். ஒட்டுக் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்டேன், ஒன்றும் விளங்கவில்லை.


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காக்கைகளுக்கு இன்று ஏகக் கிராக்கி. கடையில் கூட்டம் இல்லை.

தெருவுக்கு விஷயம் போய்விட்டது. தண்ணீர் பிடிக்கும்போது, "பாவம், நல்ல மனசோடதான் சொல்லியிருப்ப" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இன்னொருத்தி பேசவில்லை. பேசாதவள்தான் தேவலாம்.

போர்டு எழுதி முடித்தேன். 'டாக்டர் சீட்டு இருந்தால்தான் மருந்து.' முதலாளி சார், "ரொம்ப வெட்டுனு இருக்குதேம்மா, தயவுசெய்துன்னு ஒண்ணு போடலாமா?" என்றார். போட்டேன். அதில் யாரும் சாகப் போவதில்லை.


ஜூலை 27, ஞாயிறு

மேகமூட்டம். காலையிலிருந்து இதோ அதோ என்று, மழை இல்லை.

காரியம். சேகர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். வாசலில் முனுசாமி அண்ணனைப் பார்த்ததும், "மாமா" என்று ஒரு சொல்தான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமாவுக்கு வேட்டி துண்டு, அக்காவுக்கு மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் வைத்த பட்டுப் புடவை. போர்த்துவதற்கு ஆள் இல்லை. படையலில், படத்துக்கு முன்னால் பிரித்து வைத்தான். ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தான். பார்க்க முடியவில்லை.

நான் பரிமாறினேன். என் வாளி அவன் இலைக்கு வந்தபோது கையைக் குறுக்கே வைத்தான். கோபமாக இல்லை. போதும் என்பது போல. சரி, இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

சாயந்திரம் கடை திறந்தோம். ஐந்து மணி இருக்கும், சேகர் வந்தான். ஊருக்குப் போகிறவன், தோளில் பை. முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தும் வேறு கடைக்குப் போகவில்லை.

"தலவலி மாத்திர."

எடுத்துக் கவரில் போட்டு எழுதினேன். தலைவலிக்கு. இப்போது ஒன்று. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். திருப்பிச் சொல்லு என்று கேட்க வாய் வரவில்லை.

வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அப்படியே கல்லாவில் இருந்த சாரிடம் போனான்.

"சார், இதுல எழுதியிருக்கறது சரிதானான்னு ஒரு தபா பாத்து சொல்லுங்க."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரியாத்தாம்பா எழுதியிருக்குது."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

"யாரும்மா அந்தப் புள்ள?" என்றார் சார். "இருபது வருஷத்துல உன் கவர எங்கிட்ட காட்டி கேட்ட மொத ஆளு."

"கஸ்தூரியக்கா தம்பி சார்" என்றேன். "நான் அவங்கிட்ட ஒரு தடவ பொய் சொல்லியிருக்கேன்."